அம்மா ஊற்றிய கூழும் வாங்க வராத மூவரும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அம்மாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் பெரிய மாமா. அப்படியே எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அம்மா திருமழிசையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மேனாம்பேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். எந்தக் கஷ்டத்திலும் ஆடி மாதம் எங்கள் வாசலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் இருந்ததில்லை.

ஓர் ஆடி முடிந்த கையோடு, பாடி மேம்பாலத்தருகே லாரி மோதித் தம்பி இறந்தான். காரியம் முடிந்ததும் அம்மாவின் தோழிகள் மூவர் வந்தார்கள். ஒரே தெரு, ஒரே கம்பெனி பஸ், பல வருடப் பழக்கம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்து காபி போட்டேன்.

“மறைக்காத சொல்லுக்கா. பங்காளி ஊட்டு சாவுத் தீட்ட மறைச்சிகினுதானே கூழு ஊத்தினே? அதான் ஆத்தா புள்ளைய எட்த்துகினா. கோயில்ல எல்லார் முன்னாடியும் தப்புன்னு ஒத்துகினு கன்னத்துல போட்டுக்கோ” என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

“எந்தத் தீட்டும் இல்ல. செய்யாத தப்ப செஞ்சேன்னு ஆத்தா கிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?” என்றார் அம்மா.

கோபித்துக்கொண்டு எழுந்தார்கள். காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் அது சீசன் காய்ச்சல். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அது பாவம்.

அம்மா பிறகு கோயிலுக்குப் போனார். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மன் எதிரே நின்று, “எம் புள்ளைய ஏன் எட்த்துகினே?” என்று தொண்டை கட்டும்வரை சண்டை போட்டார். திரும்பும் வழியில் என்னிடம், “அவ பதிலு சொல்லல. ஆனா நான் கத்தனதெல்லாம் கேட்டுகினு இருந்தா. இவங்க மூணு பேரும் கேக்கவே இல்லியேடி” என்றார். அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அம்மா போய் உட்கார்ந்தார். ஏன், எப்படி என்று எவரையும் கேட்டதில்லை.

வருஷத் தீட்டு கழிந்து மறுபடி கூழ் காய்ச்சினார். மூவரும் வரவில்லை, வந்தவர்களையும் தடுத்தார்கள். பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகள்தான் சொம்போடு வந்து நின்றார்கள். மீந்த கூழை அம்மாவே தூக்கில் எடுத்துப்போய் அந்த மூன்று வீட்டிலும் கொடுத்தார். ஒரு வீட்டில் அதைச் சாக்கடையில் கொட்டியதை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடைசியில் புற்றுநோய் வந்தபோதும் தெருவில் அதே பேச்சு. நான் சண்டைக்குக் கிளம்பினேன். “அவங்களுக்கு பயம்டி. நம்ம மேல தப்பு கீதுன்னா, அவங்க ஊட்டுக்கு ஒண்ணும் வராதுன்னு நெனப்பு” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மா மன்னித்துவிட்டார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டு அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த ஐ.டி. பிள்ளைகளுக்கும், செலவைப் பகிர்ந்த பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வரும் ஆடியில் எங்கள் வாசலில் கூழ் உண்டு. அந்த மூவருக்கும் இந்த மலரை நானே கையில் கொடுத்து அழைக்கப்போகிறேன். இதைத் தெருவே படித்த பிறகு அவர்கள் வராமல் இருக்க முடியாது. அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றுவார். நான் பார்த்துத்தான் ஊற்றுவேன்.