க்ளெம் பெடோஸ் கடைசியாக அடித்த ஆள்

க்ளெம் பெடோஸின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர எந்த விரலும் நேராக இருந்ததில்லை. ஒவ்வொன்றும் எவனோ ஒருவனுடைய தாடையில் உடைந்தது. எல்லாம் எங்கள் ஊர்ப் பெயரை 'ஷ்ரோஸ்பரி' என்று சொன்னவன்களின் தாடைகள்.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊரை நாங்கள் ஷ்ரூஸ்பரி என்போம். செவர்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கும் பெரிய வீட்டுக்காரர்கள் ஷ்ரோஸ்பரி என்பார்கள். எங்களுக்குள் பேசும்போது பெயரே வராது, 'டவுனுக்குப் போறேன்' என்றால் போதும். இதற்காக இங்கே எவனும் ரத்தம் சிந்துவதில்லை. க்ளெம் மட்டும் சிந்தினான்.

பதினைந்து வயதில், மேட்டு வீதியில் இறைச்சிக் கூடையோடு போனவனை நாலு தடியன்கள் மடக்கினார்கள். "ஊர் பேரை ஒழுங்கா சொல்லு, விட்டுடறோம்." அவன் தன் வீட்டில் சொல்கிறபடியே சொன்னான். சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அடி. இடது காது அன்றோடு போயிற்று. "மாத்திச் சொல்லலடா வில்ஃப்," என்று என்னிடம் வந்து நின்றபோது, காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் காய்ந்திருந்தது.

பிறகு முப்பது வருஷம் ஒரே கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தோம். மாட்டின் நெற்றியில் அவன் துப்பாக்கியை வைப்பான், விழுந்ததும் கழுத்தை நான் அறுப்பேன். வெளியே சண்டையிலும் இதே ஏற்பாடுதான். முதல் அடி அவனுடையது, எழுந்து வருபவன் எனக்கு. ஒரு லாரி டிரைவரின் தலையை பீர் பீப்பாயில் மோதி மண்டையைப் பிளந்ததற்கு அவன் மூன்று மாதம் உள்ளே இருந்தான். அந்த மூன்று மாதத்தில் மனைவி அவனை விட்டுப் போய்விட்டாள். மகள் ரோனா மட்டும் போகவில்லை.

அவள் கல்யாணம் பேசி முடித்தது மேட்டு வீட்டுப் பையனோடு. அடுப்படியில் வைத்து, என் முன்னாலேயே அப்பனிடம் சொன்னாள்.

"என் கல்யாணத்துல யாரையாவது அடிச்சே, அதுக்கப்புறம் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. பேரப் பிள்ளைங்க முகத்தையும் பாக்க முடியாது."

"அவனுங்க அந்தப் பேரைச் சொன்னா?"

"சொல்லட்டும். உனக்குத்தான் ஒரு காது செத்துப் போச்சே, அதை அவங்க பக்கம் வச்சு உக்காரு."

கல்யாணத்தன்று அப்படியேதான் உட்கார்ந்தான். மதியச் சாப்பாடு முடிந்து வாழ்த்துப் பேச்சு தொடங்கியபோது மாப்பிள்ளையின் அப்பா ஜெஃப்ரி லயல் கிளாஸோடு எழுந்தார்.

"எங்க மருமகள் கெட்டிக்காரி. ஊர் பேர் ஒண்ணுதான் வாயில வரல. கசாப்புக்கார நாக்கு, என்ன பண்றது? திருத்திடலாம். எங்க, சொல்லும்மா, ஷ்ரோஸ்பரி!"

மேட்டுக்காரர்களின் மேசைகள் சிரித்தன. ரோனாவின் முகம் கழுத்து வரை சிவந்தது. க்ளெமுக்குக் கேட்கிற ஒரு காதே போதுமானதாக இருந்தது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தான், ஆனால் எழவில்லை. நான் எழுந்தேன். காலி ஒயின் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து மேசையில் அடித்து உடைத்தேன்.

"வில்ஃப், உக்காருடா."

"நீ பொத்திக்கிட்டு இரு. உன் பொண்ணு அடிக்கக் கூடாதுன்னு சொன்னது உன்னை, என்னை இல்லையே."

லயலின் சட்டையை இடது கையில் பிடித்துவிட்டேன். உடைந்த கண்ணாடி அவர் கன்னத்தில் தொட்டு ஒரு கோடு ரத்தம் வந்தது. ஓங்கின கை இறங்குமுன் க்ளெமின் முஷ்டி என் வாயில் விழுந்தது. முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த அடியை முதன்முதலாக வாங்கினேன். கேக் மேசையோடு விழுந்தேன். மூன்று பல், தாடையில் ஒரு விரிசல். அவனுக்கு நடுவிரல் மறுபடியும் முறிந்தது.

க்ளெம் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். யாரையும் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள் அல்லவா?

ரோனா ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள். "எங்க போறே?"

"அடிச்சிட்டேனேம்மா."

"கையை இதுல வை." வாளியில் அவன் கையை அழுத்திவிட்டு லயல் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்பா அடிக்காம இருந்திருந்தா உங்க கண்ணு போயிருக்கும். உக்காருங்க."

நான் வாயில் ரத்தத்தோடு தரையிலிருந்து, "எனக்கு ஐஸ் கிடையாதா?" என்றேன். மிச்சத்தை என் தலையில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் யாரையும் அடிக்கவில்லை. பேரன் ஊர்ப் பெயரை முதன்முதலாகச் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். மேட்டுக்காரர்கள் மாதிரி 'ஷ்ரோஸ்பரி' என்றுதான் சொன்னான். க்ளெம் தன் கோணல் விரல்களைப் பார்த்தான்.

"டவுன்னு சொல்லுடா," என்றான். "அது போதும்."