சிவக்காத கன்னம்

எந்தப் படம் கையில் கிடைத்தாலும் அம்மா முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். காலண்டர், பிஸ்கட் உறை, மகளின் பட்டமளிப்புப் புகைப்படம் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் கறுப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருக்க, அம்மா பின்னால் இருந்த வெறும் வெள்ளையை உற்றுப் பார்த்தாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முன்பக்கம் ஊருக்குக் காட்டுறதுடி. வேலை பின்னாடிதான் இருக்கும்” என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு கார்ட்டூன் பட நிறுவனத்தில் வண்ணம் பூசியவள். கண்ணாடி போன்ற தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். கைரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை. பின்னாலிருந்து பூசுவதால் வரிசை தலைகீழாகும். கன்னத்தின் சிவப்பை வைத்த பிறகுதான் முகத்தின் பச்சையைப் பூச வேண்டும். பச்சை ஏறிவிட்டால் சிவப்புக்கு இடமில்லை.

பச்சை முகம் ஓர் ஆமையுடையது. ‘ஏழாவது தட்டல்’ என்ற எட்டு நிமிடப் படத்தின் கதாநாயகி அவள். பூங்கொத்தோடு ஒரு தவளை வந்து கதவைத் தட்டும். ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். தவளை படியில் உருளும், சேற்றில் விழும், மறுபடி வரும். ஏழாவது தடவை அவள் நாணிக் கதவைத் திறப்பாள். முப்பத்து நான்கு வருஷமாகக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற படம். மகளும் சிரித்தவள்தான். ஆனால் அம்மா எரிச்சல் வந்தால் கழுத்தை அப்படித்தான் உள்ளே இழுப்பாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. இவ்வளவு படித்து என்ன கிழித்தோம் என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள்.

படத்தைப் புதுப்பித்து விழா எடுத்தார்கள். ‘படத்தின் உண்மையான நாயகியை மேடைக்கு அழைக்கிறோம்’ என்று அம்மாவுக்குக் கடிதம் வந்தது. விழாவுக்குப் போகும் பேருந்தில்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

“தவளை யாருன்னு நினைக்கிற? டைரக்டர்தான். நான் தங்கியிருந்த ரூமுக்கு ஆறு நாள் வந்து தட்டினான். ஆறு நாளும் சாத்தினேன். ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டிச் சிரிச்சாங்க. வீட்டுக்காரர் என்னைத்தான் காலி பண்ணச் சொன்னார்.”

“ஆபீஸ்ல யாருகிட்டயும் சொல்லலையாம்மா?”

“யாருகிட்ட? முதலாளியே அவன்தான். சாப்பாட்டு நேரத்துல அதையே ஜோக்கா சொன்னான். அடுத்த மாசம் அந்த ஜோக் படமா என் மேஜைக்கு வந்துச்சு.”

ஆறு தடவை கதவைச் சாத்திய கையாலேயே அவள் ஏழாவது தடவை கதவைத் திறக்கும் ஆமைக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தது. கடைசி நான்கு நொடிக்கு நாற்பத்தெட்டுத் தாள். அட்டவணையில் ‘கன்னம்: சிவப்பு’ என்று எழுதியிருந்தது. அம்மா நாற்பத்தெட்டிலும் நேராகப் பச்சையைப் பூசினாள்.

“யாரும் கண்டுபிடிக்கலையா?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சரிபார்க்கிற அக்கா ஒருத்தி இருந்தா. தாளை ஒண்ணொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவா. அன்னிக்கு அவசரம். ‘உன் கைன்னா நான் பார்க்கவே வேண்டாம்டி’ன்னு போட்டுட்டா. திரையில பார்த்துட்டு, கையெழுத்துப் போட்டவளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. திரும்ப எடுக்கக் காசில்லைன்னு படத்தை அப்படியே விட்டுட்டாங்க.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“பயம்டி. அவளும் ‘நான்தான் கவனிக்கலை’ன்னு அழுதுட்டுப் போயிட்டா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.”

மேடையில் சொல்ல வேண்டியதை அம்மா ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்திருந்தாள்.

மேடையில் டைரக்டர் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாகத் தள்ளாடினார். குரல் மட்டும் தள்ளாடவில்லை. “எல்லாரும் கேக்குறாங்க, கடைசியில ஆமைக்கு ஏன் கன்னம் சிவக்கலைன்னு. வேணும்னே விட்டேன். பொண்ணு மனசு அவ்வளவு ஆழம்.” கைதட்டல் காதைப் பிளந்தது.

அம்மாவின் கழுத்து உள்ளே போனதை மகள் கீழிருந்து பார்த்தாள். அடுத்த கணம் மைக் அம்மாவின் கையில் இருந்தது.

“விட்டது நான்” என்றாள். “அவளுக்கு இஷ்டமில்லை, அதான் சிவக்கலை. இவர் தட்டினதால எனக்குச் சிரிப்பு வரலை. இருந்த வீடுதான் போச்சு.”

தொகுப்பாளர் ஓடி வந்தார். “பார்த்தீங்களா, தவளைக்கும் ஆமைக்கும் ஊடல் இன்னும் தீரலை!”

அவ்வளவுதான், அரங்கம் சிரித்தது. டைரக்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா மைக்கை மேஜையில் போட்டுவிட்டு இறங்கி விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

தெருவில் மகள் எட்டிப் பிடித்தபோது சீட்டு அம்மாவின் கைக்குள் கசங்கியிருந்தது.

“அக்கா பேரைச் சொல்லலையேம்மா.”

அம்மா நின்றாள். “என் கோபம் எனக்கு வேணுங்கிறதை மட்டும் பேசிட்டு வந்துடுச்சு.” கொஞ்ச தூரம் போனதும், “அடுத்த வாரம் நேர்லயே போய்ச் சொல்லிடறேன். ரெண்டு ஸ்டாப்தான்” என்றாள்.

ரெண்டு ஸ்டாப்பைக் கடக்க நான்கு வருஷம் போதவில்லை. ஒரு வாரம் மழை, ஒரு வாரம் முழங்கால் வலி, ஒரு வாரம் ‘அவ ஊர்ல இருக்காளோ என்னவோ’. மகள் ஒருநாள் வெடித்தாள்.

“கதவு சாத்தினதைப் பெருமையா சொல்றியே, போய் ஒரு கதவைத் தட்ட முடியாதா உனக்கு?”

“நீ படிச்சவ, நறுக்குன்னு கேட்டுடுவ” என்றாள் அம்மா.

அம்மா இறந்த மூன்றாம் நாள், சட்டமிட்ட அவள் புகைப்படத்தை எடுத்த மகள், தன்னை அறியாமல் திருப்பினாள். பின் அட்டையில் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘கன்னம் நான் விட்டது. அக்கா மேல் தப்பில்லை.’ தைரியத்தைக்கூடப் பின்பக்கத்தில்தான் வைப்பாயா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிணத்தோடு சண்டை போட முடியாத ஆத்திரம்.

அன்று மதியம் ஒரு வயதான பெண் வந்தாள். தடித்த கண்ணாடி, ஒரு கையில் கைப்பை. “உங்கம்மாவோட வேலை பார்த்தேன்மா” என்று உட்கார்ந்தாள். மகளுக்கு யாரென்று புரிந்துவிட்டது.

“தங்கமான கை அவளுக்கு. நான்தான் அவ பேரைக் கெடுத்தேன். நாற்பத்தெட்டுத் தாள், ஒண்ணைக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். அவ அசந்து விட்டிருப்பா, பிடிக்க வேண்டியவ நான்தானே? இன்னிக்கும் தூங்கும்போது உறுத்துது. அந்தப் படத்தை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.”

மகள் தேநீரை நீட்டினாள். அம்மாவை அத்தனை கேள்வி கேட்டவள் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள். இப்போது சொன்னால் அம்மா இந்த வீட்டில் யாராகிவிடுவாள்? சொல்லாவிட்டால் தான் யார்?

அந்தப் பெண் எழுந்து அலமாரியில் இருந்த புகைப்படத்தைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அந்த வேலை செய்தவர்களுக்கே உரிய பழக்கத்தில், அதைத் திருப்பப் போனாள்.

“தூசியா இருக்கு, பெரியம்மா” என்று மகள் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.