ஒரு பக்கத்து லிஃப்ட்

திருத்தணி ஸ்டேஷனுக்குத் தினமும் வந்து போகிறவர்களில் காமேஸ்வரியின் முழங்கால்களைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. அவளே சொல்லிச் சொல்லித் தெரியவைத்திருந்தாள். மனுவில் எழுதினாள், பேட்டியில் சொன்னாள், பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் புடவையை லேசாகத் தூக்கி வீக்கத்தைக் காட்டினாள்.

வேலை அம்பத்தூரில். ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் கவுண்டர். கணவர் சந்திரமௌலி மலைக்கோயில் மடப்பள்ளியில் பொங்கல் கிண்டுகிறவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அங்கேதான் கிண்டினார்கள். அந்த மடப்பள்ளிக்குள் பெண்களுக்கு இடம் இல்லை. வீட்டிலோ மாமியார் இருந்தவரை சமையல்கட்டுகூட அவள் கைக்கு வரவில்லை. அம்பத்தூர் கவுண்டருக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலி ஒன்றுதான் அவளுக்கென்று உலகத்தில் இருந்த இடம்.

அந்த நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேம்பாலம் இருந்தது. ஊர் இருப்பது முதல் பிளாட்பாரத்தின் பக்கம். சென்னை வண்டி வருவது இரண்டாவதில். அவசரக்காரர்கள் தண்டவாளத்தில் குதித்துக் கடந்துவிடுவார்கள். காமேஸ்வரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவாள். முனகல் கேட்டும் பின்னால் வருகிறவர்கள் பொறுக்க மாட்டார்கள், இடித்துக்கொண்டுதான் போவார்கள்.

அப்படித்தான் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். தலைவர் விஜயராகவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெள்ளைச் சட்டை, சொந்தக் கார். ரயிலில் அவர் போய் யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "டாக்டருக்கு எல்லா வியாதியும் வரணுமா மேடம்?" என்பார். சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று: மேம்பாலத்துக்கு லிஃப்ட்.

ஒரு ஐப்பசி மழையில் சுந்தரமூர்த்தி விழுந்தார். கனகம்மாசத்திரம் பக்கத்து விவசாயி. கத்திரிக்காய் மூட்டையோடு ஆவடி சந்தைக்குப் போகிறவர். பெயர்ந்திருந்த படி ஒன்றில் கால் சிக்கி, மூட்டையோடு உருண்டு கீழே வந்தார். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் ஓடினார்கள்.

"யாரும் தூக்காதீங்கோ!" என்று கத்தினாள் காமேஸ்வரி. "ஒரு நிமிஷம். ஷோபனா, போனை எடு."

ஷோபனா அவளோடு அதே வண்டியில் அம்பத்தூர் கம்பெனிக்குப் போகிற பெண். போனை எடுத்தாள்.

"இன்னாமா இது, உயிரு போவுது" என்றார் சுந்தரமூர்த்தி.

"உங்களுக்காகத்தான் சொல்றேன். படம் இல்லாம ஒருத்தனும் அசைய மாட்டான். ஷோபனா, காய் சிதறிக் கிடக்கறது தெரியணும். உடைஞ்ச படியும் சேர்ந்து வரணும். இன்னொண்ணு எடு."

மூன்றாவது படம் சரியாக வந்தது. அப்புறம் தூக்கினார்கள்.

நாளிதழில் உள்பக்கத்தில் அது வெளியானது. சில மாதம் கழித்துப் படிகள் முழுக்கப் புது டைல்ஸ் பதித்தார்கள், வழுவழுவென்று, முகம் தெரிகிற மாதிரி. கேட்டது லிஃப்ட், வந்தது டைல்ஸ் என்று ஸ்டேஷனில் சிரித்தார்கள். காமேஸ்வரி சிரிக்கவில்லை. படம் வேலை செய்கிறது என்பதுதான் அவள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். சுந்தரமூர்த்தியின் கை கோணலாகக் கூடியது. தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒருநாள் எதிரில் வந்தவரிடம் பத்திரிகையில் வந்த படத்தை மடித்துக் கொடுத்தாள்.

"வெச்சுக்கோங்கோ. உங்க வலி வீணாப் போகலை."

அவர் அதை இடது கையால் வாங்கி, அரைக்கை சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

ஆங்கில வருஷத்தின் கடைசி நாளில் மலையில் படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாட்டுப் பாடிவிட்டு அடுத்த படிக்கு ஏறுவார்கள். அந்த வருஷம் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அதே நாளில், அதே மாதிரி, ஸ்டேஷன் படிகளுக்கும் பூஜை போட வேண்டும். சாமியைப் பார்க்கக்கூட மலைமேல் காரில் போகலாம், ரயிலைப் பிடிக்கத்தான் படி ஏற வேண்டியிருக்கிறது என்று ஒரு தட்டி.

விஜயராகவன் துள்ளினார். "டிவிக்காரன் ஓடி வருவான் மேடம்!"

சந்திரமௌலிதான் முனகினார். "சாமி இல்லாத படிக்கு என்னடி பூஜை?"

"நீங்க எண்ணெயும் அகலும் எடுத்துண்டு வாங்கோ, போதும்."

வந்தார். மலையில் செய்கிற மாதிரியே மஞ்சளைக் குழைத்துப் பூசினார், படிக்கு ஒரு அகல் வைத்தார், நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். வழிந்ததை அவரும் பார்க்கவில்லை, மற்றவர்களும் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து மலைக்கோயிலின் எண்ணெய் வழிந்த படிகளில்தான் எல்லோரும் ஏறி இறங்கியிருக்கிறார்கள். யாரும் வழுக்கி விழுந்ததில்லை. ஆனால் மலையில் இருப்பது கொத்திய கருங்கல். எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் குடித்துவிடும். டைல்ஸ் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது.

மேல்படியில் நின்று கேமராவைப் பார்த்துத் திரும்பினாள் காமேஸ்வரி. "இந்தப் படிகள்" என்று தொடங்கினாள். அந்த இரண்டு சொல்லோடு கால் வழுக்கிற்று. அகல்களைத் தட்டிக்கொண்டு பாதிப் படிகளைக் கடந்து வந்து விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"யாரும் தொடாதீங்க!" என்றார் விஜயராகவன். "அப்படியே இருக்கட்டும். மேடம், முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க. கை... ஆங், அப்படித்தான், சூப்பர்."

அவள் கையை நீட்டியது கேமராவுக்காக இல்லை. இரண்டு படி மேலே எண்ணெய்த் தூக்கோடு நின்ற கணவரிடம் நீட்டினாள். சந்திரமௌலி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு விஜயராகவனைப் பார்த்தார்.

"எடுத்தாச்சா சார்?" என்று கேட்டார்.

அந்தப் படம் ஊரெல்லாம் போயிற்று. அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் கமென்ட் போட்டு அழுதார்கள். லிஃப்ட் கிடைத்தது.

காமேஸ்வரி படுக்கையில் கிடந்தாள். பிறகு வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்தாள். நேராகத் தரையில் நடக்கலாம், படி மட்டும் ஆகாது என்றுவிட்டார் டாக்டர். அவள் நாற்காலியில் புவனா என்ற பெண்ணைத் தற்காலிகமாக உட்காரவைத்திருந்தார்கள். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். லிஃப்ட் திறப்பு விழா தேதி தெரிந்ததும் அவளே போன் செய்தாள்.

"அன்னிக்கே வந்துடறேன் சார்."

"அன்னிக்கு வந்தீங்கன்னா நாற்காலி உங்களுது. வரலைன்னா புவனாவுக்குதான். அப்புறம் என்னைக் கேக்காதீங்கம்மா."

விழாவுக்குப் பட்டுப் புடவை கட்டி, கைப்பையும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டேஷன் வாசலில் பேனர். படியில் விழுந்து கையை நீட்டிக்கொண்டிருக்கும் அவளுடைய ஆளுயரப் படம். மூலையில் கும்பிட்டபடி விஜயராகவன். முதல் சவாரி அவளுக்குத்தான். ரிப்பன், கைதட்டல், மேலே போனதும் இன்னொரு கைதட்டல். அவளோடு ஏறிய சிறப்பு விருந்தாளியும் கணவரும் சங்கத்துக்காரர்களும் கதவருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் வாக்கரைத் தட்டித் தட்டிப் பாலத்தின் மறுமுனைக்குப் போனாள்.

அங்கே படிகள்தான் இருந்தன. வழுவழுவென்று, கீழே இரண்டாம் பிளாட்பாரம்வரை.

"எறங்கற லிஃப்ட் எங்க?" என்றாள்.

பின்னாலேயே வந்த விஜயராகவன் குரலைத் தாழ்த்தினார். "அது ரெண்டாம் கட்டம் மேடம். ஒன்னுன்னா இந்த வருஷமே முடிஞ்சிடும்னாங்க. ஒன்னு போதும்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"சென்னை வண்டி இந்தப் பக்கம்தானே வரது?"

"பேனரைப் பாத்தீங்களா? உங்க படம்தான். என் படம் எவ்ளோ சின்னதா போட்டிருக்கேன் பாருங்க."

காமேஸ்வரி பக்கத்தில் வந்து நின்ற ஷோபனாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் மாமி..." ஷோபனா அதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டாள். "இந்த வண்டிய வுட்டா எனக்கு லேட் மார்க்."

பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து சந்திரமௌலி குரல் கொடுத்தார். "காமு, உச்சிகாலத்துக்கு நாழியாயிடுத்து. அவா யாராவது எறக்கி விடுவா." விருந்தாளியோடு லிஃப்ட்டில் இறங்கிப் போனார். விஜயராகவனும் சங்கத்துக்காரர்களும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்த கான்ட்ராக்டர் ஆள் கீழே சாவியைத் திருப்பி லிஃப்ட்டை நிறுத்தி, விளக்கை அணைத்தான்.

வண்டி வருவதாக அறிவித்தார்கள். அப்போது ஊர்ப்பக்கத்துப் படியில் ஏறி வந்தார் சுந்தரமூர்த்தி, இடது தோளில் மூட்டையோடு.

"இன்னா ஐயரம்மா, மேலயே குடித்தனமா?"

"சுந்தரமூர்த்தி, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போறது. என்னைக் கீழ எறக்கி விடுங்கோ. இந்த வண்டிய விட்டா என் வேலை போயிடும்."

அவர் மூட்டையை இறக்கி வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்தார்.

"இரும்மா, மொதல்ல ஒரு படம். படி தெரியணும் இல்ல?"

"விளையாடாதீங்கோ."

"நான் எங்க வெளயாடறேன்? படம் இல்லாம ஒருத்தனும் அசைய மாட்டான். கையை நீட்டு."

கீழே வண்டியின் முகப்பு வளைவில் தெரிந்தது. காமேஸ்வரி ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.

"கொஞ்சம் மேல. ஆங்."

எடுத்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "சரியா வுழல" என்று இன்னொன்று எடுத்தார். வண்டி வந்து நின்றது.

"இப்போ எறக்குங்கோ."

சுந்தரமூர்த்தி வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

"கை நல்லா இருந்தா பூ மாதிரி தூக்கினு போய் வெச்சிருப்பேன்மா. இந்தக் கையை வெச்சிகினு தூக்குனா ரெண்டு பேரும் உருளணும். பட்டுப் பொடவை வேற கட்டிகினு வந்துகிற."

மூட்டையை இடது தோளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். கடைசிப் பெட்டியில் மூட்டையைப் போட்டு ஏறினார். வண்டி கிளம்பியது. கதவருகே நின்று அவர் மேலே பார்த்தார், கையை ஆட்டவில்லை.

காமேஸ்வரியின் கைப்பையில் போன் அடித்தது. அம்பத்தூராகத்தான் இருக்கும். எடுக்க வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும், வாக்கரை விட்டால் விழுந்துவிடுவாள். போன் அடித்து ஓயும்வரை அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.