குறுக்கா, நெடுக்கா?

தங்கை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வாசலில் வாடகைக் கார் ஹார்ன் அடிக்க, தையல்காரி அக்கா, துணிமேல் வைத்துக் காலர், கை வெட்டுகிற தன் அளவு அட்டைக் கட்டில் பாதியை உருவி அவள் பெட்டியில் திணித்தாள். அங்கேயும் தையல் வேலைதான்.

“இறங்கினதும் போன் பண்ணுடி.”

“நீ மொதல்ல டாக்டரப் பாரு. வயித்துல மூணு மாசம் ஆச்சு.”

மறுநாளே அக்கா டாக்டரிடம் போனாள். மூத்தவள் பிறந்தது அவசர ஆபரேஷனில், முழு மயக்கத்தில். அந்த முதல் அழுகையை நர்ஸ் கேட்டாள், கதவோரம் நின்ற கணவர் கேட்டார், தரை துடைக்க வந்தவள்கூடக் கேட்டாள். பெற்றவள் மட்டும் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டே தீருவதென்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“டாக்டரம்மா, இப்போ நார்மலுக்கு முயற்சி பண்ணலாமா?”

“கர்ப்பப்பையில கீழ்ப்பக்கம் குறுக்கா வெட்டியிருந்தா பண்ணலாம். நெடுக்கா வெட்டியிருந்தா, வலி வரும்போது பழைய தையல் பிரியற ஆபத்து அதிகம். வேண்டாம்.”

“தழும்பு குறுக்கதானே இருக்கு?”

“வெளிய இருக்கறத வச்சு உள்ள சொல்ல முடியாதும்மா.”

அவளுக்கா புரியாது? “அதானே, லைனிங் தையல் வெளிய தெரியுமா!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அந்த ஆபரேஷன் சீட்டக் கொண்டு வாங்க, பாத்துடலாம்.”

சீட்டைக் காணோம். பழைய ஆஸ்பத்திரியையே இடித்துவிட்டார்கள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கணவர் மாவு டப்பாவுக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தார். கடைசியாக பீரோவை அடுக்கியவள் தங்கைதான். ஆகவே தினமும் போனில் அர்ச்சனை.

“அடுக்கறேன்னு எங்கடி தூக்கிப் போட்ட?”

“சத்தியமா நான் தொடவே இல்லக்கா!”

எட்டாம் மாதம், ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஒரு படம்: வளைவாக வெட்டிய கெட்டித் தாள். ஓரத்தில் அவள் பெயரில் பாதி. நடுவில், கத்தரி தொடாமல் முழுசாக ஒரு வரி: ‘கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு.’ அவள் போட்ட கூச்சலில் பொத்தான் டப்பா உருண்டது. படத்துக்குக் கீழே தங்கை எழுதியிருந்தாள்:

“இன்னிக்குத்தான்க்கா மொத தடவையா காலர் வெட்ட அட்டைய எடுத்தேன். டாக்டர்கிட்ட ஓடு... ஐயோ, ஓடாதே, நடந்தே போ! அட்டைக்குப் பின்னாடி ‘காலர் பதினாலரை’ன்னு எழுதியிருக்கு. கையெழுத்து யாரோடது, மகாராணி?”