அன்னக்கூடை அடியில் ஒரு தேதி

எண்ணூர் குப்பத்துக்கு மருந்து வேனில் வந்த அந்த சிஸ்டர் பேர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள், விரலெல்லாம் மார்க்கர் மை. கருத்தடை ஊசி போட்டதும் அடுத்த தேதியை நான் மீன் விற்கும் அலுமினிய அன்னக்கூடையின் அடியில் எழுதுவார். புருஷன் கேட்டால் ஏல நம்பர் என்பேன்.

கடைசித் தடவை ஊசி போட்டுவிட்டு அவர் தேதி எழுதவில்லை.

"சீக்கிரம் தேதி போடு சிஸ்டர், அவன் வந்துகினு கீறான்."

"வேனுக்குப் பணம் குடுத்த வெளிநாட்டு கவர்மென்ட் அதை நிறுத்திட்டாங்கம்மா. இனிமே வேன் வராது. ஆஸ்பத்திரிக்குப் போ."

"அங்க அவன் அக்காதான் ஆயா. இன்னா பண்ணுவேன் நானு?"

சிஸ்டர் கூடையைக் கவிழ்த்தார். பழைய தேதிகளை ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

இன்னும் ஒன்பது நாளில் ஊசியின் மூன்று மாசம் முடிகிறது. கூடையைக் கவிழ்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்: என் தேதிகளின் மை ஏறிய அந்தப் பஞ்சைக் குப்பையில் போடாமல் ஏன் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்?