பெருமாள் அறைக் குடம்

சித்திரையில் காவிரி வெறும் மணலாகிவிடும். அதனால் ஆற்றில் தண்ணீர் ஓடும்போதே ஒரு பித்தளைக் குடம் நிறையக் கொண்டுவந்து, ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெருமாள் அறையில் வைத்துவிடுவேன். தீர்த்தத்தைக் கீழே கொட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவேனே தவிர, குடத்தைக் கவிழ்த்ததே இல்லை.

டெங்கு கொசுவுக்காக வாராவாரம் வீடு பார்க்க வரும் பெண்ணை அந்த அறை வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

"இந்த வெயில்ல ஏதும்மா கொசு? உள்ள மடி, வராதீங்க" என்று எரிந்து விழுவேன்.

என் மகளுக்கு டெங்கு என்று தெரிந்த அன்று, அந்தப் பெண்ணை நானே உள்ளே அழைத்தேன். குடத்துக்குள் டார்ச் அடித்து, என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். அடியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"எந்தக் காலத்துலயோ கப்பல்ல தண்ணிப் பீப்பாயோட வந்த கொசுங்க இது. இதுக்கு மழையே வேண்டாம், சேத்து வச்ச தண்ணி போதும். வெயில் ஏற ஏற இன்னும் சீக்கிரமா வளருது. கொட்டிடவா சாமி?"

அன்று காலைதான், சீக்கிரம் குணமாகட்டும் என்று, விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் அந்தக் குடத்திலிருந்து மொண்டு மகளின் கையில் மூன்று முறை தீர்த்தம் விட்டிருந்தேன்.