சுண்ணாம்பாற்றில் விழுந்த விராலடிப்பான்

காலை 5.50. 2007, மாசி மாதத்து ஞாயிறு. விழுப்புரத்தில் முதல் பஸ் பிடித்து நானும் என் மனைவி மல்லிகாவும் புதுச்சேரியில் இறங்கினோம். விராலடிப்பான் என்னும் கழுகு பாய்ந்து மீன் பிடிப்பதைக் காண மூன்று ஆண்டுகளாக வருகிறேன். தொலைவில் பறக்கத்தான் கண்டிருக்கிறேன். பங்குனி வெயில் ஏறினால் அது வடக்கே போய்விடும். "வெறும் பருந்த வெச்சிக்கினு, நீங்க புடிச்ச மொயலுக்கு மூணு காலுன்னு நிக்கறீங்க" என்பது மல்லிகாவின் தீர்ப்பு. இன்றும் ஏமாந்தால் இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

6.40. தவளக்குப்பத்தில் டீ. அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். டிரைவர் என் பைனாகுலரைப் பார்த்து, "சுனாமி வீட்டுக்கு சர்வேவா சார்?" என்றார். பறவை பார்க்க என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

7.15. சுண்ணாம்பாற்று முகத்துவாரம். கிழக்கே கடல், மேற்கே கழிமுகம், நடுவில் மணல்திட்டு. ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக இருந்தன. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது பறவை பார்ப்பவர்களின் முதல் பாடம். பாடம் பிசகாமல், கடலுக்கு முதுகைக் காட்டி, வழக்கமான இடத்தில் தண்ணீரோரம் நின்றேன். எட்டரை ஆயிற்று. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

வீச்சுவலையோடு காத்திருந்த மீனவர் ஒருவர், எங்கள் கழுகுக் கதையை முன்பே கேட்டிருந்தவர், பொறுமையிழந்தார். "சார், மொதல்ல குந்துங்க! ஒங்க நெழலு தண்ணியில உளுவுது. மடவ மீனு எப்பிடி கரைக்கு வரும்? மீனே வர்லன்னா அந்தக் கழுவு எதுக்கு வரும்?"

மூன்று ஆண்டுகளாக என் பறவையை விரட்டியது நானேதான்! இருவரும் மணலில் குந்தினோம். கால் மணி நேரத்தில் மடவைகள் துள்ளத் தொடங்கின. மீனவர் வலையைத் தோளில் ஏற்றினார். அவர் வீசுமுன் அது விழுந்தது, இரண்டு கால்களையும் முன்னே நீட்டிக்கொண்டு, தண்ணீர் சிதற, எங்களுக்கு ஐம்பது அடி தள்ளி. எழுந்தபோது கால்களில் ஒரு சாண் மடவை துடித்தது. நான் எழுந்து கத்தினேன், குதித்தேன். மிச்ச மீனெல்லாம் ஓடிவிட்டன. மீனவர் முதலில் கழுகைத் திட்டினார், பிறகு என்னை. அன்று யார் எது சொன்னாலும் எனக்கு இனித்திருக்கும்.

பகல் 11.30. திரும்பும் பஸ். எங்கள் ஊர் ஏரியிலும் கொக்கும் நாரையும் உண்டு. ஆனால் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டு நான் அங்கிருந்து வீடு திரும்பியதில்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "விராலடிப்பான் மீன் புடிச்சத பாத்தேங்க" என்றேன்.

"விழுப்புரம் ரெண்டா?" என்றார் அவர்.

மல்லிகா என்னைத் தாண்டிக் குனிந்து, "நெஜமாதாங்க. நானும் பாத்தேன்" என்றாள்.